சவ்வுக்கு அப்பால்: பாக்டீரியாச் சுரப்பின் வரவும் செலவும்

பாக்டீரியாவை இன்சுலின் செய்ய வைக்கும் போட்டி 1978-இல் அமெரிக்காவின் இரு கரைகளிலும் நடந்துகொண்டிருந்தது. ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டின் ஆய்வகத்தில் லிடியா வில்லா-கொமரோஃபும் அவருடைய கூட்டாளிகளும் எலியின் புரோஇன்சுலின் (இன்சுலினின் முன்வடிவம்) மரபணுவை எடுத்து, ஈ.கோலை பாக்டீரியாவில் வேலை செய்யும் பெனிசிலினேஸ் மரபணுவின் நடுவே செருகினார்கள். பெனிசிலினேஸ் என்பது பாக்டீரியா தன் உட்சவ்வுக்கு வெளியே அனுப்பிவைக்கும் நொதி. அதில் ஒட்டிக்கொண்ட புரோஇன்சுலினும் கூடவே சவ்வைக் கடந்து வந்தது. கலிஃபோர்னியாவில் ஜெனன்டெக் நிறுவனத்தின் குழு செய்தது வேறு. மனித இன்சுலினின் இரு சங்கிலிகளையும் தனித்தனிச் செல்களில், பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற பெரிய புரதத்தின் வாலில் ஒட்டி, செல்லுக்குள்ளேயே குவிய விட்டார்கள். பிறகு செல்லை உடைத்து, சயனோஜன் புரோமைடால் வெட்டி, இரண்டு சங்கிலிகளையும் சோதனைக்குழாயில் இணைத்தார்கள். பார்க்க அழகானது முதல் வழி. 1982-இல் அனுமதி பெற்று மருந்துக்கடைக்கு வந்தது இரண்டாவது.

அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அயல் புரதங்களைப் பாக்டீரியாவிடமிருந்து சுரக்க வைப்பதைப் பற்றி வரும் எந்தக் கட்டுரையின் முன்னுரையிலும் இன்றும் ஏறக்குறைய ஒரே பல்லவிதான்: புரதம் சரியாக மடியும், சரியான முனையோடு கிடைக்கும், சுத்திகரிப்பது எளிது, செல்லுக்கு நஞ்சாகாது, செலவு குறையும். இவ்வளவு நன்மை இருந்தும், பாக்டீரியாவில் தயாராகும் மருந்துப் புரதங்களில் பல இன்னமும் செல்லுக்குள்ளேயே குவிக்கப்பட்டு, உடைத்தெடுக்கப்படுவது ஏன்? தொழிற்சாலைக்காரர்களுக்கு விவரம் போதவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பல்லவியில்தான் பிசகு இருக்க வேண்டும்.

முதலில் கடக்கும் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஈ.கோலைக்கு இரண்டு சவ்வுகள். இடையில் பெரிபிளாசம் என்ற ஒடுங்கிய அறை. வெளியே போகவேண்டிய புரதத்தின் தலைப்பில் ஏறத்தாழ 20 முதல் 30 அமினோ அமிலம் நீளத்தில் ஒரு சமிக்ஞைத் துண்டு இருக்கும். அதன் தொடக்கத்தில் நேர்மின்சுமை, நடுவில் நீரோடு ஒட்டாத ஒரு பகுதி, கடைசியில் வெட்டுமிடம். புரதங்கள் தம் முகவரியைத் தம்மிடமே எழுதிவைத்திருக்கின்றன என்று நிறுவியதற்காகவே குந்தர் புளோபெலுக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது. பாக்டீரியாவில் இந்தத் துண்டைக் கண்டுகொள்வது ‘செக்’ என்ற வாயில். செக்-ஏ என்ற மோட்டார்ப் புரதம் செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து, மடியாத இழையை ஊசிக்காதில் நூல் கோப்பதுபோல உள்ளே தள்ளுகிறது. மறுபக்கம் காத்திருக்கும் நொதி சமிக்ஞைத் துண்டை வெட்டி எறிந்துவிடும். மிஞ்சுவது நாம் கேட்ட புரதம், சரியான முதல் அமினோ அமிலத்தோடு.

‘மடியாத இழை’ என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். ஒளிரும் பச்சைப் புரதத்தை (அறிவியல் செய்திகளில் பச்சையாக மின்னும் எலிகளைப் பார்த்திருப்பீர்கள், அதே புரதம்) செக் வழியாக அனுப்பிப் பார்த்தவர்கள் 2000-இல் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாக்கியது. புரதம் பெரிபிளாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஆனால் ஒளிரவில்லை. இழையாகப் போனது அங்கே தன் வடிவத்துக்கு மடியவில்லை. மறு ஆண்டே அதை ‘டாட்’ என்ற இன்னொரு வாயில் வழியாக அனுப்பினார்கள். டாட், உள்ளேயே முழுதாக மடிந்த புரதத்தை மட்டும் கடத்தும் விசித்திர வாயில். இம்முறை ஒளிர்ந்தது. ஒரே புரதம், ஒரே செல், ஒரே அறை. கடந்த விதம் மட்டும் வேறு. ‘வெளியே அனுப்பினால் சரியாக மடியும்’ என்ற பொதுவாக்கியம் இந்தச் சோதனையோடு உடைந்துபோகிறது. சில புரதங்கள் வெளியே மடியும், சில மடியவே மடியாது. எது எப்படி என்பதை அந்தப் புரதத்தின் இயல்புதான் தீர்மானிக்கிறது.

அப்படியானால் பெரிபிளாசத்தின் உண்மையான பலம் என்ன? டைசல்ஃபைடு பிணைப்பு. மனிதப் புரதங்கள் பலவற்றில் இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்துக்கொண்டால்தான் வடிவம் நிற்கும். செல்லின் உட்பகுதி இந்தப் பிணைப்பை உருவாக விடாது. பெரிபிளாசத்திலோ டிஎஸ்பி-ஏ என்ற நொதி பிணைப்பைப் போட்டுவிடும், தவறாகப் போட்டதை டிஎஸ்பி-சி பிரித்துத் திருத்தும். எதிர்ப்பொருள் துண்டுகளை ஈ.கோலை சுரக்கும் என்று 1988-இல் ‘சயின்ஸ்’ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் அடுத்தடுத்துக் காட்டியது இந்த அறையை நம்பித்தான். ஒன்று அர்னே ஸ்கெராவும் ஆண்ட்ரியாஸ் புளுக்தூனும் செய்தது, மற்றொன்று மார்க் பெட்டரும் கூட்டாளிகளும் செய்தது. எதிர்ப்பொருளின் கனச்சங்கிலி, மென்சங்கிலி இரண்டுக்கும் தனித்தனிச் சமிக்ஞைத் துண்டு வைத்து அனுப்பினார்கள். இரண்டும் பெரிபிளாசத்தில் சந்தித்து, மடிந்து, பிணைந்து, தம் இலக்கைப் பற்றிக்கொண்டன. விழித்திரை நோய்க்குக் கண்ணில் போடும் ரானிபிசுமாப் ஊசி 2006-இல் வந்தது. மூட்டழற்சிக்கும் குடல் அழற்சிக்கும் தரும் செர்டோலிசுமாப் 2008-இல் வந்தது. இரண்டும் ஈ.கோலையின் பெரிபிளாசத்தில் விளைபவை. பாக்டீரியாச் சுரப்பின் கணக்கில் வரவு வைக்கவேண்டிய மிகப் பெரிய தொகை இதுதான். இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் இந்த ஏகபோகமும் முழுதாக நிலைக்கவில்லை. செல்லின் உட்பகுதியைப் பிணைப்புக்கு எதிராக வைத்திருக்கும் இரண்டு மரபணுக்களை நீக்கிவிட்டால் உள்ளேயே டைசல்ஃபைடு பிணைப்பு உருவாகும் என்று 1990-களின் இறுதியில் ஜான் பெக்வித், ஜார்ஜ் ஜார்ஜியோ ஆகியோரின் குழுக்கள் காட்டின. அத்தகைய ஈ.கோலை வகைகள் இன்று விலைக்கே கிடைக்கின்றன. ஆகவே பிணைப்புக்காக மட்டும் சவ்வைக் கடக்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. கடப்பது வசதியான வழிகளில் ஒன்று.

சரியான முனை என்ற வாதம் சுவையானது. மனித வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலம் கொண்டது. முன்பு இறந்தவர்களின் பிட்யூட்டரிச் சுரப்பிகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்த வழியில் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கப் மூளைநோய் பரவியது தெரிந்து 1985-இல் அமெரிக்காவில் நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஜெனன்டெக்கின் ஈ.கோலை ஹார்மோன் அனுமதி பெற்றது. ஆனால் அதில் 192 அமினோ அமிலங்கள். பாக்டீரியா எந்தப் புரதத்தையும் மெத்தியோனினில்தான் தொடங்கும். அந்த ஒன்று தலையில் தங்கிவிட்டது. சமிக்ஞைத் துண்டு வைத்துப் பெரிபிளாசத்துக்கு அனுப்பினால், வெட்டும் நொதி தொடக்கத்தையும் சேர்த்தே நீக்கிவிடும்; கிடைப்பது அசல் 191. இதை அதே 1985-இல் அந்நிறுவனத்தின் ஆய்வாளர்களே வெளியிட்டார்கள். மனித ஹார்மோனின் சொந்தச் சமிக்ஞைத் துண்டையும் பாக்டீரியா வெட்டித் தந்தது என்பது கூடுதல் வியப்பு. 1990-களில் சந்தைக்கு வந்த அவர்களுடைய அடுத்த ஹார்மோன் இந்த வழியில் தயாரானதே.

வெற்றிதான். ஆனால் அந்த ஒரு மெத்தியோனினால் நோயாளிக்கு என்ன கெட்டது? அந்த வடிவத்துக்கு எதிர்ப்பொருள் உருவான குழந்தைகள் கூடுதல் என்பது உண்மை. அதனால் வளர்ச்சி தடைப்பட்டது மிக அரிது. இன்னும் கூர்மையான எதிர்ச்சான்று ஃபில்கிராஸ்டிம். புற்றுநோய் சிகிச்சையில் வெள்ளணுக்கள் சரியும்போது தரும் ஊசி. 1991-இல் அனுமதி பெற்றது. ஈ.கோலைக்குள்ளேயே குவித்து எடுத்த புரதம். தலையில் அதே வேண்டாத மெத்தியோனின். மனித வடிவத்தில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலியும் கிடையாது. ஆனாலும் உலகெங்கும் புற்றுநோய் மருத்துவமனைகளில் அன்றாடம் புழங்கும் மருந்தாகிவிட்டது. எனவே சரியான முனை என்பது அசல் நன்மைதான், ஆனால் அதற்குக் கொடுக்கவேண்டிய விலையை எல்லாப் புரதத்துக்கும் கொடுக்கவேண்டியதில்லை.

விலை என்றேன். பெரிய செலவு வாயிலின் கொள்ளளவு. செல்லுக்குள் புரதம் உருவாகும் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குச் செக் வாயில்கள் செல்லில் இல்லை. சுரக்கும் புரதம் ஒன்றை பீட்டா-கேலக்டோசிடேஸோடு ஒட்டி அனுப்பினால், அது பாதி வழியில் மாட்டிக்கொண்டு வாயிலையே அடைத்துவிடும், செல் செத்துப்போகும் என்று பெக்வித்தின் ஆய்வகம் 1970-களிலேயே கண்டிருந்தது. அன்று அது மரபியல் ஆய்வுக்கு ஒரு கருவி. தொழிற்சாலையில் அதுவே தலைவலி. மரபணுவை மிக வலுவாக முடுக்கிவிட்டால், உள்ளே வெட்டப்படாத முன்வடிவம் குவியும். பாக்டீரியாவின் சொந்தப் புரதங்களும் வெளியே போக வழியின்றித் தேங்கும். ஜெனன்டெக்கின் லாரா சிம்மன்ஸும் டேனியல் யான்சுராவும் 1996-இல் இதை அளந்தே காட்டினார்கள். ஒரே மரபணு புரதமாக மொழிபெயர்க்கப்படும் வேகத்தைப் படிப்படியாக மாற்றி வைத்துப் பார்த்ததில், மிக அதிகம் சுரந்தது மிக வேகமானது அல்ல. ஓர் அளவுக்கு மேல் வேகம் கூடக்கூடச் சுரப்பு சரிந்தது. குறைத்துச் செய்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்ற இந்த முடிவை, எல்லாவற்றையும் உச்சத்தில் முடுக்கிவிட்டு ‘சுரக்கவில்லை’ என்று கைவிடும் ஆய்வகங்கள் இன்றும் படிக்காமல் இருப்பது வருத்தம்.

அடுத்து, சுத்திகரிப்பு எளிது என்ற வாதம். இதை ஆய்வக மேசை அருகே போய்ப் பார்த்தால்தான் புரியும். பெரிபிளாசத்தைத் திறக்க 1965-இல் நியூவும் ஹெப்பலும் சொன்ன முறைதான் இன்றும் அடிப்படை. செல்களை 20 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் ஈடிடிஏ சேர்த்து ஊறவைப்பார்கள். ஈடிடிஏ வெளிச்சவ்வைத் தளர்த்தும்; அடர்ந்த சர்க்கரை செல்லைச் சுருக்கும். சுழற்றி வடித்துவிட்டு, சட்டென்று குளிர்ந்த நீரில் கலக்குவார்கள். நீர் உள்ளே பாய, அறையில் இருந்தவை மட்டும் வெளியே வரும். உட்சவ்வு பெரும்பாலும் பிழைத்திருக்கும். சோதனைக்குழாயில் இது அழகான வேலை. ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் கலனில், அத்தனை செல்லையும் நொடிகளில் குளிர்ந்த நீரில் கலப்பது என்ன வேலை என்று பொறியாளரைக் கேட்டால் சொல்வார்.

மறுபக்கம் செல்லுக்குள் குவிப்பது. அங்கே புரதம் மடியாமல் திரண்டு ‘இன்க்லூஷன் பாடி’ என்ற கெட்டி உருண்டையாகிறது. செல்லை உடைத்துச் சுழற்றினால் உருண்டை அடியில் படியும், அதில் பெரும்பங்கு நமக்கு வேண்டிய புரதமே. பாக்டீரியாவின் புரதம் வெட்டும் நொதிகளுக்கும் உருண்டை எளிதில் அகப்படாது. எட்டு மோலார் யூரியாவில் கரைத்து, மெல்ல நீர்க்கச்செய்து மறுபடி மடிய வைக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியில் பாதிக்கு மேல் வீணாவதும் உண்டு. ஆனாலும் அது ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய வேதியியல். சுரப்பில் வரும் சிக்கல் உயிருள்ள செல்லின் சிக்கல். ஒவ்வொரு புரதத்துக்கும் புதிதாகத் தொடங்க வேண்டும். இன்சுலினில் அமெரிக்காவின் லில்லி நிறுவனம் கடைசிவரை செல்லுக்குள் குவிக்கும் வழியில் நின்றதன் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன். சுரப்பு வழியை இன்சுலினில் வென்று காட்டியது ஈஸ்ட். டென்மார்க்கின் நோவோ 1987-இல் ரொட்டி ஈஸ்ட்டிலும், பெங்களூரின் பயோகான் பின்னர் பிக்கியா ஈஸ்ட்டிலும் செய்தார்கள்.

சரி, இரண்டு சவ்வு இருப்பதால்தானே இத்தனை தொல்லை? ஒரே சவ்வு கொண்ட பேசில்லஸ் பாக்டீரியாவைப் பிடித்தால் புரதம் நேரே வெளிநீரில் வந்து விழுமே? விழுகிறது. துணிசோப்பில் புரதத்தை வெட்டிக் கறை நீக்கும் புரோட்டியேஸ், மாவுப்பொருளைச் சிதைக்கும் அமைலேஸ் எல்லாம் அப்படித்தான் டன் கணக்கில் வருகின்றன. நல்ல வகையில் லிட்டருக்கு 20 கிராமைத் தாண்டும். அந்த எண்ணைப் பார்த்து மயங்கி, மனிதப் புரதத்தைக் கொண்டுபோய் அதே செல்லில் வைத்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மில்லிகிராம். காரணம் ஒன்றல்ல. வெளியே வந்து விழும் புரதம் கூடவே சுரக்கும் புரோட்டியேஸ்களின் வாயில் விழுகிறது. கனடாவில் எட்டுப் புரோட்டியேஸ் மரபணுக்களை நீக்கிய வகை வரை உருவாக்கியும் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. சவ்வுக்கு வெளியே மடிய உதவும் பிஆர்எஸ்-ஏ என்ற புரதம் போதாமல் போவது இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தை 2006-இல் ஒரு ஜெர்மன் குழு மிக நேர்மையாக வெளிச்சமிட்டது. பேசில்லஸ் சப்டிலிஸ் இனத்தின் சமிக்ஞைத் துண்டுகளைக் கிட்டத்தட்ட அனைத்தையும் அவர்கள் ஒரு பூஞ்சை நொதியின் தலையில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்கள். சில துண்டுகள் பிரமாதமாகச் சுரக்கவைத்தன, பல துண்டுகள் ஒன்றும் செய்யவில்லை. அந்த நொதிக்கு முதலிடம் பிடித்த துண்டு வேறொரு நொதிக்கு உதவவில்லை. துண்டின் அமைப்பைப் பார்த்து முன்கூட்டிச் சொல்லவும் வழி தெரியவில்லை. ‘இந்தச் சமிக்ஞைத் துண்டு மிகத் திறன் வாய்ந்தது’ என்று எழுதும் கட்டுரைகளை அதற்குப் பிறகு நான் எளிதில் ஏற்பதில்லை; திறன் துண்டில் இல்லை, துண்டும் புரதமும் சேர்ந்த ஜோடியில் இருக்கிறது.

ஈ.கோலையையே இரண்டு சவ்வையும் தாண்டிச் சுரக்கவைத்ததாக வரும் அறிக்கைகளில் கறாராக இருக்க வேண்டும். வெளிநீரில் புரதம் கிடைத்தது என்பது மட்டும் சுரப்புக்குச் சான்று ஆகாது. அளவுக்கு மீறிச் சுமந்த செல்கள் கசியும், சில வெடிக்கும். செல்லுக்குள் மட்டுமே இருக்கவேண்டிய பீட்டா-கேலக்டோசிடேஸ் போன்ற நொதியும், குரோமோசோம் டிஎன்ஏயும் அதே நீரில் எவ்வளவு என்று அளந்து காட்டாத கட்டுரையைச் சுரப்பு என்ற தலைப்பின்கீழ் சேர்க்கக்கூடாது. நேர்மையான ஒற்றைப்படி வழிகள் உண்டு. சிவப்பணுவைச் சிதைக்கும் ஹீமோலைசினை ஈ.கோலை இரண்டு சவ்வுக்கும் குறுக்கே ஒரே குழாயில் வெளியேற்றுகிறது. அங்கே சமிக்ஞை புரதத்தின் வால்பக்கம். சால்மொனெல்லாவின் ஊசிக் கருவி வழியாகச் சிலந்திப் பட்டுப் புரதத்தைக்கூட 2009-இல் வெளியேற்றிக் காட்டினார்கள். ஆனால் இந்தக் குழாய்களும் மடியாத இழையைத்தான் ஏற்கும். வேகமாக மடியும் புரதம் வாசலிலேயே நின்றுவிடும். மடிவதைத் தாமதப்படுத்தும் திரிபைப் புகுத்தினால்தான் கடக்கிறது. புரதத்தைக் குழாய்க்கேற்பக் கெடுத்துவிட்டுச் சுரந்தது என்று மகிழ்வதில் தயாரிப்பாளருக்கு என்ன லாபம்?

ஆகவே என் தீர்ப்பு இது. அயல் புரதத்துக்குப் பாக்டீரியாச் சுரப்பு பொதுவழி அல்ல. வெளிநீர்ச் சுரப்பு, பிறவியிலேயே வெளியே போகப் பழகிய பாக்டீரியா நொதிகளுக்கும் அவற்றின் நெருங்கிய உறவினருக்கும் உரியது. அங்கே அதற்குப் போட்டியே இல்லை. மருந்துப் புரதத்துக்குப் பெரிபிளாசம் தகும், ஆனால் மூன்றும் சேர்ந்தால்: புரதம் சிறியதாகவோ சிறு துண்டுகளால் ஆனதாகவோ இருக்கவேண்டும், டைசல்ஃபைடு பிணைப்பு வேண்டும், சர்க்கரைச் சங்கிலி வேண்டாததாக இருக்கவேண்டும். எதிர்ப்பொருள் துண்டுகளும், ஒட்டகக் குடும்பத்திலிருந்து வந்த நானோபாடி என்ற சிறு எதிர்ப்பொருள் துண்டுகளும் இதற்கு அச்சாகப் பொருந்துகின்றன. முழு எதிர்ப்பொருளையும் ஈ.கோலையில் சுரக்கவைக்க முடியும் என்று 2002-இல் காட்டிவிட்டார்கள். ஆனாலும் மருந்துலகம் வெள்ளெலிச் சூலகச் செல்களை விடவில்லை, விடாததே சரி. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் முதலில் இன்க்லூஷன் பாடியையோ ஈஸ்ட்டையோ முயன்றுவிட்டுத்தான் இங்கே வரவேண்டும்.

மிச்சமிருப்பது செலவு குறையும் என்ற வாதம். தயாரிப்பாளரின் செலவு குறையலாம், நோயாளி தரும் விலை குறைய வேண்டியதில்லை. பாக்டீரியாவில் விளையும் ரானிபிசுமாப் அமெரிக்காவில் ஓர் ஊசி ஏறக்குறைய 2,000 டாலர் விலையில் வந்தது. அதே இலக்கைத் தாக்கும் பெவசிசுமாப் விலங்குச் செல்லில் விளையும் முழு எதிர்ப்பொருள், புற்றுநோய்க்கென்று வந்தது. கண் மருத்துவர்கள் அதைச் சிறு அளவுகளாகப் பிரித்துப் போட்டபோது ஊசிக்கு ஏறக்குறைய 50 டாலர்தான் ஆனது. இரண்டையும் ஒப்பிட்டு அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் நடத்திய சோதனையின் முடிவு 2011-இல் வந்தது. ஓராண்டு முடிவில் பார்வையில் இரண்டும் சமம்.